வள்ளிக்கொடியைக் கணுக்கணுவாக வெட்டி விதைக்கிழங்கு எடுக்கும் முறை: கீழ்ப்பழனி மலைத் தோட்டக்காரர்களுக்கு

வள்ளி என்ற பெயரை நாம் மூன்று பயிர்களுக்குப் பொதுவாக வைத்திருக்கிறோம். மரவள்ளியைக் குச்சி வெட்டி நடுகிறோம். சர்க்கரைவள்ளியைக் கொடி வெட்டி நடுகிறோம். கொழுகொம்பைச் சுற்றி மரத்தின் உச்சிவரை ஏறிப்போகும் பெருவள்ளியையும் சிறுவள்ளியையும் மட்டும் கிழங்கையே முழுதாகவோ துண்டு போட்டோ நடுகிறோம். முதல் இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்தவை. மூன்றாவதன் காட்டு உறவுகள் இன்றும் பழனி மலையின் காட்டோரங்களில் தாமாகவே படர்ந்து கிடக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் வளர்ப்பு முறையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணி, சர்க்கரைவள்ளிக் கொடியைப் பாரில் செருகுவதுபோல் பெருவள்ளிக் கொடியையும் செருகிப் பார்த்து, பத்து நாளில் அது கருகியதும் இந்தக் கொடி வேர் விடாது என்று கைவிட்டவர்களைத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பலமுறை சந்தித்திருக்கிறேன். பெருவள்ளிக் கொடி வேர் விடும். ஆனால் வேர் வரும் இடமும், அதற்கு ஏற்ற பருவமும், அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பொருளும் சர்க்கரைவள்ளியிலிருந்து முற்றிலும் வேறானவை.

இந்த வேலைக்கு ஏன் இறங்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கு சொல்லிவிடும். பெருவள்ளியை மூன்றடிக்கு மூன்றடி, அதாவது 90 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 5,000 குழிகள் அமையும். குழிக்கு 250 கிராம் துண்டு என்று வைத்தால்கூட 1,250 கிலோ கிழங்கை மண்ணுக்குள் போட வேண்டும். அவ்வளவும் சமைத்து உண்ணக்கூடிய கிழங்கு. மார்கழித் திருவாதிரைக்கும் தைப்பொங்கலுக்கும் கேட்டு வாங்கிப்போக ஆள் இருக்கும்போது அதை விற்காமல் ஒதுக்கி வைத்து, எலிக்கும் அழுகலுக்கும் தப்பவைத்து, சித்திரை வரை காப்பாற்ற வேண்டும். காப்பித் தோட்டங்களின் ஓரத்தில் ஐந்து குழி, பத்துக் குழி என்ற அளவோடு வள்ளி நின்றுபோனதற்கு விதைக்கிழங்குச் செலவுதான் முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் செலவைக் குறைக்க உலகெங்கும் முயன்றிருக்கிறார்கள். வள்ளியை அன்றாட உணவாகக் கொண்ட நைஜீரியாவில், உமுடிக்கே என்னும் ஊரிலுள்ள கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் கிழங்கைச் சிறுசிறு துண்டுகளாக்கி நாற்றங்காலில் முளைக்கவைக்கும் முறையை உருவாக்கினார்கள். 1963-இல் தொடங்கப்பட்டு, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இயங்கிவரும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், அதையே நம் நாட்டு வள்ளிக்கு ஏற்றவாறு 30 கிராம் துண்டுகளாகப் பரிந்துரைத்தது. அதற்கும் கிழங்கை வெட்டத்தான் வேண்டும். கொடித்துண்டு முறையில் கிழங்கில் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. ஏற்கெனவே நட்டு, முளைத்து, படர்ந்து நிற்கும் கொடியின் பக்கக் கிளைகளிலிருந்து துண்டுகளை எடுத்துக்கொள்கிறோம். அளவோடு எடுத்தால் தாய்க்கொடி தன் கிழங்கை வழக்கம்போல் கட்டிக்கொண்டிருக்கும். நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் இம்முறையை ஆப்பிரிக்காவில் விளையும் வெள்ளை வள்ளியில் விரிவாகச் சோதித்து, கொடித்துண்டுகளை உமிக்கரியில் வேர்விடச் செய்யும் வழியைப் பரப்பியிருக்கிறது.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆடியில் வெட்டிய கொடித்துண்டு தையில் உங்களுக்குக் குழம்புக்கான கிழங்கைத் தராது. அது தருவது கோலிக்குண்டு அளவிலிருந்து கோழிமுட்டை அளவு வரையிலான ஒரு முழு விதைக்கிழங்கு. அந்த விதைக்கிழங்கை அடுத்த சித்திரையில் நட்டு, அதற்கடுத்த தையில்தான் நல்ல கிழங்கு தோண்டலாம். இரண்டு ஆண்டு வேலை இது. முதலாண்டிலேயே விளைச்சலை எதிர்பார்ப்பவர்களுக்கு இது மனக்கசப்பைத்தான் தரும்.

எந்த வள்ளிக்கு இது பொருந்தும்

பெருவள்ளிதான் இம்முறைக்கு மிகவும் இணங்கும் வகை. குமரி மாவட்டத்தில் காச்சில் என்று சொல்வதும், ஈழத்தில் ராசவள்ளி என்று போற்றப்படும் ஊதாநிறக் கிழங்கும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. தண்டைத் தொட்டுப் பார்த்தே இதை அடையாளம் காணலாம்: தண்டு நாற்பட்டையாக இருக்கும், நான்கு முனைகளிலும் மெல்லிய சிறகு போன்ற ஓரம் ஓடும், இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். சிறுவள்ளியின் தண்டு உருண்டையாக, முள்ளோடு இருக்கும். இலைகள் மாறிமாறி ஒவ்வொன்றாக வரும். சிறுவள்ளியும் வேர்விடும் என்றாலும் மெதுவாகவே விடும். வெட்டியவற்றில் பாதி தேறினால் அதை நல்ல பலன் என்று கொள்ள வேண்டும். ஸ்ரீகாரியம் நிறுவனம் வெளியிட்ட பெருவள்ளி ரகங்களில் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா ஆகியவையும், சிறுவள்ளியில் ஸ்ரீ லதாவும் உங்களிடம் இருந்தால் அவற்றிலிருந்தே தொடங்கலாம். நம் மலைக்குப் பழகிய நாட்டு ரகம் கையில் இருந்தால் அதை விட்டுவிட வேண்டாம். ஒரே ஒரு தாய்க்கிழங்குதான் மிஞ்சியிருக்கிறது என்ற நிலையில் உள்ள பழைய ரகத்தைக் காப்பாற்றுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் அறியவில்லை.

கொடியிலேயே இலைக்கக்கத்தில் காய்க்கும் காய்வள்ளிக்கு இந்தப் பாடு தேவையில்லை, அந்தக் காயையே விதைக்கலாம். சேனைக்குக் கொடியே கிடையாது. காட்டு வள்ளிகளைப் பொறுத்தவரை, அவற்றில் சில இனங்கள் நச்சுத்தன்மை உடையவை, முறைப்படி ஊறவைத்துப் பதப்படுத்தாமல் உண்ண முடியாதவை என்பதால், இனம் தெரியாத கொடியைக் காட்டிலிருந்து வெட்டிவந்து பெருக்க வேண்டாம். எந்தக் கொடியின் கீழ் எந்தக் கிழங்கு என்பது இம்மலையின் பளியர் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த செய்தி. ஒரு பளியர் பெரியவர் கிழங்கு அகழ்ந்ததை அருகிருந்து பார்த்திருக்கிறேன். அவர் கிழங்கின் கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் எழுந்தார்.

பருவமும் தாய்க்கொடியும்

கீழ்ப்பழனியில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் உயரம், அதாவது ஏறத்தாழ 1,000 முதல் 1,400 மீட்டர் வரை, வள்ளிக்கு ஒத்துவரும். 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் நகரத்தின் குளிரில் இது சரிப்படாது. சித்திரை, வைகாசி மாதங்களின் கோடைமழையில் நட்ட கிழங்கு ஆனியில் நன்றாகப் படர்ந்துவிடும். முளைத்து இரண்டிலிருந்து மூன்று மாதம் ஆன கொடியில், ஆனிக் கடைசியிலிருந்து ஆடி முடிவதற்குள், வெட்டும் வேலையை முடித்துவிட வேண்டும்.

ஏன் அவ்வளவு கண்டிப்பு என்றால், வள்ளி பகலின் நீளத்தைக் கணக்கு வைத்திருக்கும் பயிர். நம் அட்சரேகையில் ஜூன் மாதக் கடைசியில் பகல் சுமார் 12 மணி 40 நிமிடம் நீள்கிறது. டிசம்பர் மாதக் கடைசியில் அது சுமார் 11 மணி 30 நிமிடமாகக் குறைந்துவிடுகிறது. பகல் நீண்டிருக்கும்போது கொடி வேரும் தளிரும் விடும். பகல் குறையக் குறைய அதன் நாட்டம் எல்லாம் கிழங்கு கட்டுவதில் திரும்பிவிடும். புரட்டாசியில் வெட்டிய துண்டு, வேரையும் தளிரையும் சரியாக விடாமலேயே கணுவில் ஒரு குறுமணியைக் கட்டிக்கொண்டு உறங்கிவிடுகிறது. ஆடியில் வெட்டிய துண்டுக்கோ வேர்விட, தளிர்விட, கிழங்கு பெருக்க ஆறு மாதம் முழுதாகக் கிடைக்கிறது. பூத்துவிட்ட கொடியிலிருந்தும் துண்டு எடுக்க வேண்டாம்.

தாய்க்கொடியைத் தேர்ந்தெடுப்பதில் இரக்கம் காட்டக்கூடாது. கொடித்துண்டு முறையின் பெரிய நன்மை, கிழங்கோடு ஒட்டிவரும் நூற்புழுவும் செதிற்பூச்சியும் மாவுப்பூச்சியும் பின்தங்கிவிடுகின்றன என்பது. ஆனால் நச்சுயிரி நோய் கொடியின் சாறு வழியே துண்டுக்குள்ளும் வந்துவிடும். ஆகவே இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் படர்ந்த கொடி, இலை குறுகி நாடாபோல் நீண்ட கொடி, வளர்ச்சி குன்றிய கொடி ஆகியவற்றில் கை வைக்கவே வேண்டாம். தெளிவான பச்சை இலையோடு வேகமாக ஏறும் கொடிகளுக்கு ஆனி மாதத்திலேயே ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டால், வெட்டும் நாளில் தடுமாற்றம் இராது.

உமிக்கரி

வெட்டுவதற்கு முன்பே பாத்தி ஆயத்தமாக இருக்க வேண்டும். வெட்டிய துண்டைக் காக்கவைத்துவிட்டுப் பாத்தி அமைப்பது கூடாது.

பல் துலக்கப் பயன்பட்ட உமிக்கரியேதான் இதற்கும் சிறந்த ஊடகம். தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஆனால் தேக்காது, காற்றோட்டம் கொடுக்கும், நெருப்பில் வெந்து வந்ததால் பூசணமும் புழுவும் அதில் இருப்பதில்லை. வத்தலக்குண்டுப் பக்கத்து நெல் அரவை ஆலைகளில் உமியை மூட்டையாக வாங்கி வரலாம். பக்கவாட்டில் ஆணியால் பல துளைகள் போட்ட பழைய எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் புகைபோக ஒரு தகரக் குழாயைப் பொருத்தி, உள்ளே சுள்ளி வைத்துப் பற்றவையுங்கள். டின்னைச் சுற்றி உமியைக் குவித்தால், துளை வழியே வரும் சூட்டில் உமி உள்ளிருந்து வெளியாகக் கறுத்துக்கொண்டே வரும். கறுப்பு மேற்பரப்பை எட்டும் இடத்தில் மண்வெட்டியால் புரட்டிக்கொடுத்து, குவியல் முழுவதும் கறுத்தவுடன் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். தாமதித்தால் கரி வெந்து வெள்ளைச் சாம்பலாகிவிடும். சாம்பலின் காரம் இளவேரைப் பொசுக்கும். நல்ல உமிக்கரியைக் கையில் எடுத்துப் பார்த்தால் உமியின் படகு வடிவம் கெடாமல் அப்படியே கறுப்பாக இருக்கும். விரல்களுக்கிடையே நொறுக்கினால் மெல்லிய சத்தம் கேட்கும். அதையும் ஒரு சாக்கில் கட்டி இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி வடித்த பிறகே பயன்படுத்துங்கள்.

உமி கிடைக்காதவர்கள் கழுவிய ஆற்றுமணலையும் மக்கிய தென்னை நார்க்கழிவையும் சம அளவில் கலந்துகொள்ளலாம். சாணக்குப்பையை மட்டும் வேர்விடும் பாத்தியில் சேர்க்க வேண்டாம். வேரில்லாத துண்டுக்கு உரத்தால் பயனில்லை, அழுகல்தான் வரும்.

காலை வெயில் படும் இடத்தில், அரையடி உயரத்துக்கு இந்த ஊடகத்தை நிரப்பிய பாத்தியையோ, அடியில் துளையிட்ட தட்டுகளையோ அமையுங்கள். மூங்கில் பிளாச்சுகளை வளைத்து ஊன்றி, பாலித்தீன் தாளால் மூடி, அதன் மேல் பாதி வெளிச்சத்தை மறைக்கும் நிழல்வலையைக் கட்டிவிட்டால் போதும். ஆடிக் காற்றும் சாரலும் வீசும் நாள்களில் நம் மலையில் இரவு நன்றாகக் குளிர்ந்துவிடும். பாலித்தீன் கூடாரம் ஈரத்தைக் காப்பதோடு அந்தக் குளிரையும் தணிக்கிறது.

வெட்டுதல்

இம்முறையின் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு வேலையில் இருக்கின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வள்ளிக்கொடியில் தண்டின் எந்த இடத்திலிருந்தும் வேர் வந்துவிடாது. இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில், இலைக்கக்கத்து மொட்டின் அடியில் உள்ள சிறு தடிப்பிலிருந்துதான் வேரும், தளிரும், பின்னர் கிழங்கும் புறப்படுகின்றன. கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட தண்டை எவ்வளவு நீளமாக விட்டாலும் அது அழுகுவதற்கு மட்டுமே உதவும். எனவே கணுவுக்குக் கீழே ஓர் அங்குலமும் மேலே அரை அங்குலமும் விட்டு, ஒரு கணுத் துண்டாகவோ இரு கணுத் துண்டாகவோ வெட்ட வேண்டும். இரு கணுத் துண்டில் கீழ்க்கணு மண்ணுக்குள் போகும், மேல்கணு வெளியில் நிற்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரு கணுத் துண்டையே பரிந்துரைக்கிறேன். எண்ணிக்கை பாதியானாலும் தேறுவது மிகுதியாக இருக்கும்.

இலையை எக்காரணம் கொண்டும் நீக்கிவிடாதீர்கள். இதை நான் இழந்து கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் மிளகு நாற்று போடுவது வழக்கம். ஓடுகொடியை இரண்டு மூன்று கணுவாக வெட்டி, இலைகளைக் கிள்ளி, காம்பை மட்டும் விட்டுப் பையில் ஊன்றுவோம். முதல் ஆண்டு வள்ளிக்கும் அதே கைப்பழக்கத்தில் எழுபது எண்பது துண்டுகளின் இலைகளை ஒன்று விடாமல் கிள்ளிவிட்டு ஊன்றினேன். இரண்டே வாரத்தில் அத்தனையும் கறுத்துக் கூழாகிப்போயின. மிளகுத்தண்டு தடித்தது; வேர்விடும் வரை தாக்குப்பிடிக்கத் தேவையான உணவு அதற்குள்ளேயே இருக்கிறது. வள்ளித்தண்டு மெல்லியது, அதில் சேமிப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. வேர் விடுவதற்கும், அதன்பின் கிழங்கு கட்டுவதற்கும் வேண்டிய உணவு முழுவதையும் அந்த இலைதான் சமைத்துக் கொடுக்க வேண்டும். இலை மிகவும் அகன்றிருந்து, பாத்தியில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், நுனியில் மூன்றிலொரு பங்கை மட்டும் கத்தரித்துவிடலாம். அதற்குமேல் கூடாது.

கொடியின் எந்தப் பகுதியில் வெட்டுவது என்பதற்கு விரலே அளவுகோல். கொடியின் நுனியைச் சுண்டினால் துவளும். அது மிக இளசு, பாத்தியில் வாடிவிடும். அடிப்பகுதி வளைக்கும்போதே நார் உரியும்; அது முற்றியது, வேர் விடத் தயங்கும். நடுப்பகுதியில், வளைத்தால் வளைந்து, சற்று அழுத்தினால் பட்டென்று ஒடியும் இடமே உகந்தது. அங்கும் இலைக்கக்கத்து மொட்டு இன்னும் கிளையாக நீளாமல் உறங்கிக்கொண்டிருக்கும் கணுக்களையே எடுங்கள். முதன்மைக் கொடியைத் தொடாமல், பக்கக் கிளைகளில் மூன்றிலொரு பங்குக்கு மிகாமல் எடுத்தால் தாய்க்கொடியின் கிழங்கு அவ்வளவாகக் குறையாது. நன்கு படர்ந்த ஒரு கொடியிலிருந்து எனக்கு இருபது, முப்பது துண்டுகள் வரை கிடைத்திருக்கின்றன.

பனி காயுமுன், வெயில் ஏறாத காலை நேரத்தில் வெட்டுங்கள். சவரப் பிளேடு அல்லது கூரிய கத்தியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு தாய்க்கொடி முடிந்ததும் அதைச் சாராயத்தில் துடைத்தோ தீயில் காட்டியோ தூய்மை செய்துகொள்ளுங்கள். மழுங்கிய கத்திரிக்கோல் தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்தில்தான் அழுகல் முதலில் புகும். வெட்டிய வாயில் வழவழப்பான சாறு கசியும். துண்டுகளை உடனே ஒரு வாளித் தண்ணீரில் போட்டு அலசி, பின்னர் அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடியான சூடோமோனாஸை லிட்டருக்கு 10 கிராம் வீதம் கரைத்த நீரில் அரை மணி நேரம் வைத்து எடுக்கலாம். வேரூக்கிப் பொடி பெருவள்ளிக்குக் கட்டாயமில்லை. சிறுவள்ளிக்குத் தொட்டு வைப்பது நல்லது.

ஊன்றியபின் ஒரு மாதம்

கணு ஓர் அங்குல ஆழத்தில் புதையும்படி, துண்டைச் சற்றுச் சாய்த்து ஊன்றி, சுற்றிலும் ஊடகத்தை விரலால் அழுத்திவிடுங்கள். இலை தரையில் படியக்கூடாது. துண்டுக்குத் துண்டு நான்கு விரற்கடை இடம் விட்டால் காற்று புழங்கும். பூவாளியால் ஒருமுறை நன்கு நனைத்து, பாலித்தீனை இறக்கி, ஓரங்களை மண்ணிட்டு மூடிவிடுங்கள். அதன்பின் தாளின் உட்புறம் காலையில் வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பதே உங்கள் அன்றாட வேலை. வியர்த்திருந்தால் தண்ணீர் வேண்டாம். வியர்வை குறைந்திருந்தால் கைத்தெளிப்பானால் இலை நனையும் அளவுக்குத் தெளித்தால் போதும். மாலையில் கால் மணி நேரம் தாளைத் தூக்கிவிட்டு, கறுத்த இலை, அழுகிய துண்டு ஏதேனும் தென்பட்டால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். மிகுந்த தண்ணீரால் சாகும் துண்டுகளே அதிகம்.

இரண்டு வாரம் கழிந்ததும் ஒரு துண்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வராமல் பிடித்து நின்றால் வேர் வந்துவிட்டது. ஒன்றைத் தோண்டியே பார்க்க விரும்பினால், கணுவின் தடிப்பில் கேழ்வரகு மணி ஒட்டியதுபோல் வெண்மையான முகடுகளும், அவற்றிலிருந்து நூல்போன்ற வேர்களும் தெரியும். மூன்று நான்கு வாரத்தில் கக்கத்திலிருந்து ஊதாச்சாயல் கொண்ட தளிர் எட்டிப் பார்க்கும்.

சில துண்டுகளில் தளிர் வராது, இலையும் மெல்ல மஞ்சளாகும். தோற்றுவிட்டதென்று எண்ணி அவற்றைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். தொட்டுப் பாருங்கள்: தண்டு கூழாகாமல் உறுதியாக இருந்தால், அடியில் மிளகளவோ சுண்டைக்காய் அளவோ ஒரு கிழங்கு கட்டியிருக்கும். அது தளிர் விடும் வேலையைத் தாண்டி நேரே கிழங்குக்குப் போய்விட்ட துண்டு. இலை தானாக உதிரும்வரை அதை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

பைக்கு மாற்றுதல்

வேர்விட்ட துண்டுகளை உடனே வெளியில் எடுத்துவிடாமல், ஒரு வாரம் தாளை நாள்தோறும் சற்று அதிக நேரம் திறந்துவைத்துப் பழக்குங்கள். பிறகு மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்த நாற்றுப்பைகளுக்கு மாற்றலாம். மிளகு நாற்றுக்குப் போடும் அதே கலவைதான். ஆனால் மிளகுப் பையின் அளவு போதாது. கிழங்கு பருக்க இடம் வேண்டுமாதலால் இரண்டு, மூன்று கிலோ மண் கொள்ளும் பை தேவை. மேட்டுப்பாத்தியில் ஓரடி இடைவெளியிலும் நடலாம் என்றாலும், நம் மலையில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்கின் மணத்தை எங்கிருந்தாலும் அறிந்து வந்துவிடும். வீட்டோரமாக அடுக்கிய பைகளே என் அனுபவத்தில் பாதுகாப்பானவை.

ஒவ்வொரு பைக்கும் நான்கடிக் குச்சி ஒன்றை நட்டு, கொடியை அதில் ஏற்றுங்கள். பெருவள்ளி வலப்புறமாகச் சுற்றும், சிறுவள்ளி இடப்புறமாகச் சுற்றும். நாம் அவசரப்பட்டு எதிர்ப்புறமாகச் சுற்றிவிட்டால் அது தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டு தரையில் விழும். கொடி போகும் திசையைப் பார்த்தபின் கட்டுவது நல்லது. காப்பிச் செடியின்மேல் ஏறவிட்டால் செடியை மூடி அமுக்கிவிடும்; அதையும் கவனிக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இலைகளில் கரும்புள்ளி தோன்றி, நரம்பு வழியே பரவி, கொடியே தீய்ந்ததுபோல் ஆகும் நோய் பெருவள்ளிக்கு வரும் பெரிய கேடு. இது பூசணத்தால் வருவது. மழைத்துளி தெறித்துப் பரவுவது. பைகளைச் சாரல் அடிக்காத கூரையோரத்துக்கு மாற்றுவதே முதல் மருந்து. 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்த்த ஒரு சதவீத போர்டோக் கலவையை, காப்பிக்கும் மிளகுக்கும் அடிக்கும்போதே, மழை தொடங்குமுன் வள்ளிக்கும் அடித்துவிடலாம். கறுத்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

எடுப்பும் சேமிப்பும்

மார்கழி, தை மாதங்களில் இலை மஞ்சளாகிக் கொடி காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பையைக் கிழித்து மண்ணை உதறினால் விதைக்கிழங்கு கையில் வரும். சிலவற்றில் ஐந்து கிராம்தான் இருக்கும், சிலவற்றில் ஐம்பது கிராமும் இருக்கும். இளந்தோல் எளிதில் உரிந்துவிடுமாதலால் கழுவவோ தேய்க்கவோ வேண்டாம். நிழலில் நான்கைந்து நாள் காற்றாட வைத்தபின், மண்சட்டியில் காய்ந்த மணலை ஓர் அடுக்கும் கிழங்கை ஓர் அடுக்குமாக இட்டு, எலி நுழையாதபடி கம்பிவலையால் வாயைக் கட்டி வையுங்கள். பெரிய கிழங்கைவிடச் சிறிய கிழங்கு வெகுவிரைவில் உலர்ந்து சுருங்கும் என்பதால்தான் இந்த மணல். ரகத்தின் பெயரையும் எடுத்த நாளையும் எழுதிய சீட்டைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். இந்த அளவில் எல்லாக் கிழங்கும் ஒன்றுபோலவே தோன்றும்.

இரண்டு மூன்று மாத உறக்கம் கலைந்து, பங்குனிக் கடைசியில் தலைப்பக்கம் முளை அரும்பும். முதல் கோடைமழை பெய்ததும், 30 கிராமுக்கு மேற்பட்டவற்றை இரண்டு விரல் ஆழத்தில் நேரே குழியில் நட்டு, சில்வர் ஓக் சருகால் கனமாக மூடாக்குப் போடுங்கள். வெட்டுவாய் இல்லாத முழுக்கிழங்கு என்பதால் அழுகல் குறைவு, முளைப்பும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும். 10 கிராமுக்குக் குறைந்தவற்றை இன்னும் ஓராண்டு பையிலேயே வளர்த்தெடுப்பது நல்லது. நேரே நிலத்தில் நட்டால் களையோடு போட்டியிட அவற்றுக்கு வலு இராது. இரண்டுக்கும் இடைப்பட்டவற்றை மேட்டுப்பாத்தியில் நெருக்கி நட்டு, வேலி போட்டுக் காத்தால், தையில் குழிக்கு வேண்டிய 250 கிராம் எடையுள்ள விதைக்கிழங்குகள் கிடைக்கும். இப்படி நட்ட கொடிகளும் ஆடிக்குள் வெட்டும் பதத்துக்கு வந்துவிடும் என்பதால், அவற்றில் தேமல் இல்லாதவற்றுக்கு ஆனியிலேயே துணி கட்டிவைத்து, அடுத்த சுற்றுத் துண்டுகளை அவற்றின் பக்கக் கிளைகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.